கட்டினால் மட்டும் போதுமா?

சிங்கப்பூர் போய் வந்த நம் வணிகர்கள் டான் டோக் செங் மருத்துவமனையைப் பார்த்திருக்கலாம். அது யாரோ பெரிய டாக்டரின் பெயர் என்று நினைக்க வேண்டாம். நம்மைப் போலக் காய்கறி விற்றவரின் பெயர்.

1798-இல் மலாக்காவில் பிறந்த சீனர் அவர். 1819-இல் ஆங்கிலேயர் சிங்கப்பூரில் வணிகத் தளம் அமைத்ததும் பிழைப்புத் தேடி அங்கே போனார். கையில் பெரிய முதல் கிடையாது. நாட்டுப்புறத்தில் காய்கறி, பழம், கோழி வாங்கி வந்து நகரில் விற்றார். சிறுகச் சேர்த்து 1827-இல் ஆற்றங்கரையில் கடை போட்டார். பிறகு ஐரோப்பிய வணிகர் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்தார். நிலத்திலும் பணம் போட்டுச் செல்வரானார்.

நகரம் வளர வளர, வேலை தேடி வந்த ஏழைகள் நோயுற்றுத் தெருவில் கிடந்தனர். கேட்பாரற்று இறந்தவர்களை அடக்கம் செய்ய அவர் தம் பணத்தைக் கொடுத்தார். ஏழைகளுக்கு மருத்துவமனை கட்ட 5,000 வெள்ளி கொடுத்தார். 1844-இல் அடிக்கல் நாட்டினார்கள்.

இனித்தான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி. கட்டிடம் 1847-இல் முடிந்தது. நோயாளிகள் உள்ளே போனதோ 1849-இல். அடுத்த ஆண்டே, 52 வயதில், அவர் காலமானார். அவரோடு அந்தத் தருமம் முடிந்துவிடவில்லை. மனைவி பெண்கள் பிரிவுக்குப் பணம் தந்தார். மகனும் தந்தார். ஊராரும் அரசும் கை கொடுத்தனர். இடம் மாறியும் அந்த மருத்துவமனை நின்றது. 2003-இல் சார்ஸ் நோய் வந்தபோது சிங்கப்பூர் நம்பியதும் அதைத்தான்.

நம் ஊர்களில் நடப்பது என்ன? தண்ணீர்ப் பந்தல் திறக்கிறோம். பத்து நாளில் பானை காய்கிறது. பள்ளிக்குக் கழிப்பறை கட்டி, கல்வெட்டில் பெயர் பொறிக்கிறோம்; மறுவருடம் குழாயில் தண்ணீர் இல்லை. திறப்பு விழாவுக்குச் செலவழிக்கிற நமக்குப் பராமரிப்புக்கு மனம் வருவதில்லை.

நமக்கு இது தெரியாத வித்தை அல்ல. மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிடித்துத்தான் விருதுநகர், சிவகாசி வணிகர்கள் பள்ளிகளை நடத்தினர். ஒருவர் அள்ளிக் கொடுத்ததைவிட, எல்லாரும் கிள்ளிக் கொடுத்ததே நிலைத்தது.

பெரிய அங்காடிகளும் வீடு தேடி வரும் விற்பனையும் நம் வாடிக்கையை இழுக்கின்றன. விலையில் அவர்களோடு எவ்வளவு நாள் மோத முடியும்? ஊருக்கு நாம் வேண்டியவர்கள் என்பதுதான் நம் பலம். ஆகவே சங்கம் இனி எடுக்கும் எந்த அறப்பணிக்கும், கட்டிடச் செலவோடு பராமரிப்பு நிதியையும் சேர்த்தே தீர்மானம் போடட்டும். அந்த நிதி சேராத வரை அடிக்கல் வேண்டாம்.