சுவரில் ஓர் ஆணி

விருதுநகர்ப் பக்கம் கோடை விடுமுறைக்குச் சென்றவர்கள் முன்பெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் சாத்தூர் சேவும் வாங்கி வந்தார்கள். இப்போது வீட்டு அலங்காரத்துக்கான யோசனைகளைக் கொண்டுவருகிறார்கள். திண்ணையைப் படமெடுக்கிறார்கள், தூணைத் தடவிப் பார்க்கிறார்கள், தரை ஓடு எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் ஒரு மே மாதத்தில் புறப்பட்டோம். எங்களில் ஒருவர் சென்னையில் புதிதாக அடுக்ககத்தில் வீடு வாங்கியிருந்தார். அதன் வெற்றுச் சுவர்களுக்கு ஏதேனும் கண்ணில் படாதா என்பதே பயணத்தின் நோக்கம்.

முதலில் காரைக்குடி. அங்குள்ள பழம்பொருள் கடைகளில், பிரிக்கப்பட்ட வீடுகளின் கதவுகளும் தூண்களும் சுவரோரம் சாய்ந்து நின்றன. கூரையைத் தாங்கிய தூண், இனி நகரத்து வரவேற்பறையின் மூலையில் எதையும் தாங்காமல் நிற்கப் போகிறது. இதைச் சொன்னபோது நண்பர் ஒரு நியாயமான கேள்வியைக் கேட்டார். செட்டிநாட்டு வீடுகளே பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கொண்டு எழுந்தவைதாமே. கடல் கடந்து போனவர்கள் கண்ட அழகை வீட்டுக்குக் கொண்டுவந்தால் கலை, நாங்கள் கொண்டுபோனால் மட்டும் குற்றமா? பதில் சொல்ல எங்களுக்குச் சற்று நேரம் பிடித்தது. பர்மாவிலிருந்து வந்த தேக்கு, வந்த இடத்தில் வேலை செய்தது. வெயிலுக்கு நிழலாகவும் மழைநீருக்கு வழியாகவும் கல்யாணத்துக்குக் கூடமாகவும் இருந்த முற்றத்தைச் சுற்றி அது நின்றது. ஆத்தங்குடி ஓடும் அப்படியே. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைக்கும் அந்தக் கைவேலை, வெறுங்காலில் நடக்கும் ஒரு வாழ்க்கைக்கு உரியது. பொருள் இடம்பெயரலாம், வேலையை இழந்து இடம்பெயர்ந்தால் அது வெறும் சாட்சி.

அங்கிருந்து விருதுநகர். கத்திரி வெயிலில் நண்பரின் உறவினர் வீட்டை அடைந்தோம். சுண்ணாம்பு அடித்த சுவரில் ஓர் ஆணி. அதில் ஒரு தினசரி காலண்டர். அதன் அட்டையில் மயில்மேல் முருகன், கீழே மளிகைக் கடையின் பெயர். பக்கத்து ஆணியில் மாதக் காலண்டர்; அதன் கட்டங்களுக்குள் பென்சிலால் சிறு சிறு எண்கள். பூஜை மாடத்தில், எந்த வருடத்தையோ சேர்ந்த ஒரு காலண்டரின் லட்சுமி, தேதிப் பகுதி வெட்டி நீக்கப்பட்டுச் சட்டத்துக்குள் குடியேறியிருந்தாள். சுவரை அலங்கரிக்க இன்னும் நல்ல படங்கள் கிடைக்குமே என்று எங்களில் ஒருவர் சொல்லிவிட்டார். வீட்டுப் பெரியம்மா சிரித்தார். “இத எடுத்துட்டா பால் கணக்க எங்கய்யா எழுதுறது?”

அந்தச் சிரிப்பு எங்களை நெடுநேரம் உறுத்தியது. ராகு காலம், அமாவாசை, பால் கணக்கு, கடவுள் ஆகிய நான்கும் ஓர் ஆணியில் தொங்கும் ஏற்பாட்டைவிடச் சிக்கனமான உள்ளலங்காரம் எதையும் நாங்கள் அறியோம்.

மறுநாள் சிவகாசிக்குச் சென்றோம். நாட்டின் எண்ணற்ற சுவர்களுக்கான படங்கள் அச்சாகும் ஊர். 1920-களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கும் வேண்டும். லேபிளுக்காக வந்த அச்சுத்தொழில், காலண்டருக்கு வளர்ந்தது. இன்றும் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது இவ்வூர் வழக்கம். அருகில் கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி. கொண்டையராஜூ (1898–1976) நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை எழுதியவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வங்கள் அச்சேறி வீடுதோறும் சென்றன. பெரியம்மாவின் லட்சுமி நம்மை நேராகப் பார்த்து, மேடையில் நிற்பவள்போல் நிற்பதற்கு இந்த நாடகத் தொடர்பும் ஒரு காரணம் என்று எண்ண இடமுண்டு.

இந்தப் பழைய லேபிள்கள் இப்போது நகரங்களில் மறுபிறவி எடுத்திருக்கின்றன. காப்பிக் கடைச் சுவர்களிலும் தலையணை உறைகளிலும் புலியும் மயிலும் பெரிதாக்கப்பட்டுச் சிரிக்கின்றன. நண்பரும் தம் வரவேற்பறைக்கு அப்படி ஒன்றைத் தீர்மானித்துவிட்டார். அழகான யோசனைதான். ஆனால், அந்த லேபிள் பெட்டியில் தானாக ஒட்டிக்கொண்டதில்லை. கட்டை அடுக்கியதிலும் பெட்டி ஒட்டியதிலும் இந்தக் கரிசல் காட்டுக் குழந்தைகளின் விரல்கள் இருந்தன. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் குறித்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. நாம் ‘பழமையின் வசீகரம்’ என்று சட்டமிடுவது சிலருக்குப் பள்ளிக்கூடம் போகாத நாட்களின் நினைவு.

திரும்பும் வழியில், சாலையிலிருந்தே பட்டாசு ஆலைகளைப் பார்த்தோம். வெட்டவெளியில் ஒன்றுக்கொன்று எட்டி நிற்கும் சிற்றறைகள். அறைக்கு நால்வருக்குமேல் கூடாது என்பது விதி. கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். ஓடுபவர் தள்ளினால் வழிவிட வேண்டுமல்லவா? அந்த இடைவெளிகளில் அழகுணர்ச்சிக்கு வேலையில்லை. ஓர் அறை தீப்பிடித்தால் அடுத்த அறை பிழைக்க வேண்டும் என்ற கணக்கு மட்டுமே உண்டு. அந்தக் கணக்கு மீறப்படும்போது நிகழ்வதை இந்த மாவட்டம் பலமுறை கண்டிருக்கிறது. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஓர் அறையின் வடிவம் உயிரைக் காக்கும் என்பதை இதைவிடக் கடுமையாக எந்தக் கட்டடக்கலை நூலும் சொல்லிவிட முடியாது.

அப்படியானால் எதையும் ரசிக்கக் கூடாதா, எல்லாச் சுவரிலும் துயரத்தையே மாட்ட வேண்டுமா என்று வாசகர் கேட்கலாம். இல்லை. வண்ணத்தில் தயங்காத மக்கள் இவர்கள். அவர்களிடமிருந்து நிறத்தைக் கற்காமல் திரும்புவது நமக்குத்தான் நட்டம். நாம் சொல்ல விரும்புவது இவ்வளவே: பயணத்தில் ஒரு பொருளைக் கண்டு மயங்கும்போது, அது அங்கே ஏன் இருக்கிறது என்று ஒருமுறை கேட்போம். காரணம் நம் வீட்டுக்கும் பொருந்தினால் பொருளும் பொருந்தும். பொருந்தாவிட்டால், அந்தக் காரணத்தை மட்டும் நினைவில் கொண்டுவருவோம். முற்றம் இல்லாத வீட்டுக்குத் தூண் வேண்டாம்; நண்பகலில் திரைபோட்டு மாலையில் சன்னலைத் திறந்துவிடும் பழக்கம் போதும்.

நண்பர் புலி லேபிளை இன்னும் கைவிடவில்லை. மாட்டினால் அதன் கதையையும் வருபவர்களுக்குச் சொல்வேன் என்கிறார். சொல்லட்டும். ஆனால், அவர் வீட்டுச் சமையலறைச் சுவரில் இப்போது ஓர் ஆணி அடிக்கப்பட்டிருக்கிறது. அதில் பெரியம்மா கொடுத்தனுப்பிய மாதக் காலண்டர் தொங்குகிறது. சென்றமுறை போனபோது பார்த்தோம்: கட்டங்களில் பால் கணக்கு ஏறத் தொடங்கியிருந்தது.