படமாக வரும் அழைப்பு



கண் சிகிச்சை முகாம் என்றால் முன்பெல்லாம் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று ஊருக்குள் வரும். உள்ளே இருப்பவர் அறிவிப்புச் செய்தபடியே துண்டுப் பிரசுரங்களையும் வீசிச் செல்வார். பார்வையற்றவர் காதால் கேட்டார். காது கேளாதவர் காகிதத்தைப் படித்தார். எவரும் திட்டமிட்டுச் செய்ததன்று. ஆயினும் செய்தி இருவரையும் சென்று சேர்ந்தது.

இன்று எங்கள் கொடைரோடு வட்டாரத்தில் இத்தகைய அறிவிப்புகள் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வருகின்றன. பூ வேலைப்பாடும், பிரமுகர்களின் முகங்களும் நிறைந்த ஒரே ஒரு வண்ணப் படம்! இடம், நாள், நேரம் யாவும் அந்தப் படத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும்.

பார்வையற்றோர் கைபேசியைப் பயன்படுத்துவது எப்படி என்று உங்களில் சிலர் வியக்கக்கூடும். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் 'டாக்பேக்' என்னும் வசதி உண்டு. விரல் படும் இடத்திலுள்ள எழுத்தை அது வாய்விட்டுப் படிக்கும், தமிழையும் படிக்கும். கணினிக்கு என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதனை 2006இல் தொடங்கிய ஆஸ்திரேலியரான மைக்கேல் கரன் தாமே பார்வையற்றவர். ஆனால் இவை முதன்மையாகப் படிப்பவை எழுத்தை, படத்தை அல்ல. முகாம் அறிவிப்பு படமாக வந்தால் பல கைபேசிகள் "படம்" என்று மட்டும் கூறி நின்றுவிடும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலிகளும் வந்துள்ளன என்பது உண்மைதான். அலங்கார எழுத்தின் முன் அவையும் தடுமாறுகின்றன.

எங்கள் மஹல்லாவில் பார்வை மங்கிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஓர் அறக்கட்டளை நடத்திய கண் முகாமின் அழைப்பு அவருடைய கைபேசிக்கும் வந்திருந்தது. முகாம் முடிந்து மூன்றாம் நாள், விடுமுறைக்கு வந்த பேரன்தான் அதைப் படித்துச் சொன்னான். கண்புரையாயின் தாமதித்தாலும் அறுவை சிகிச்சையால் பார்வையை மீட்கலாம். கண் நீர் அழுத்த நோயில் இழந்த பார்வை திரும்புவதில்லை. அவருக்கு எது என்று சொல்ல மருத்துவர் பார்த்திருக்க வேண்டுமல்லவா?

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நாம் அறிவோம். 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கியது அது. அதன் முகாம்களில் மருத்துவம் மருத்துவமனையுடையது. ஊரைத் திரட்டும் பணியோ உள்ளூர்ச் சங்கங்களுடையதும் அறக்கட்டளைகளுடையதும் ஆகும். ஆகவே அறிவிப்பில் நேரும் குறை நம் கையிலேயே இருக்கிறது.

அரசும் இதில் தவறியதுண்டு. 2021இல் கொரோனா தடுப்பூசிக்கு முன்பதிவு செய்ய 'கோவின்' தளம் வந்தது. மனிதர்தாமா என்று சோதிக்கும் எழுத்துகளைக் கண்ணால் பார்த்தே நிரப்ப வேண்டியிருந்தது. காதால் கேட்க வழியில்லை. அவ்வாண்டு மே 31ஆம் நாள் ஆணையில் உச்ச நீதிமன்றம் இக்குறைகளைச் சுட்டிக்காட்டியது. 2025 ஏப்ரல் 30 அன்று, மின்னணுச் சேவைகளைப் பெறுவது உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதியே என்றும் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 இலட்சம் பேர்.

படமாக அனுப்புவது ஏன்? அழகுக்காக மட்டுமன்று. நம்மூர் அச்சகங்கள் பலவற்றில் இன்றும் 'பாமினி' போன்ற பழைய எழுத்துருக்களே புழங்குகின்றன. அவற்றில் தமிழ் என்பது வெளித்தோற்றம்தான். உள்ளே இருப்பவை ஆங்கிலக் குறியீடுகள். திரையில் 'அம்மா' என்று தெரியும். படிக்கும் குரலுக்கோ அது எம், கே, அரைப்புள்ளி, கே, எச்! வாட்ஸ்அப்பில் ஒட்டினாலும் இதே குழப்பம்தான். எனவே அச்சகத்தார் படமாக்கித் தந்துவிடுகிறார்கள். 2010இலேயே யூனிகோடு முறையைத் தமிழக அரசு ஏற்று ஆணையிட்டுவிட்டது. கைபேசியில் நீங்கள் தட்டச்சு செய்வதும் யூனிகோடுதான்.

ஆகவே, படத்தை அனுப்புங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. (பிரமுகர்களின் மனமும் குளிர வேண்டுமே!) அதன் கீழேயே இடம், நாள், நேரம், கொண்டுவர வேண்டிய அட்டைகள் ஆகியவற்றை நான்கு வரிகளில் தட்டச்சு செய்துவிடுங்கள். அதையே அரை நிமிடக் குரல் பதிவாகவும் அனுப்பினால், எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டிக்கும் அது பயன்படும்.

காது கேளாதோரையும் நினைவிற்கொள்ளுங்கள். "விவரங்களுக்கு அழைக்கவும்" என்று தொலைபேசி எண் மட்டும் கொடுத்தால் அவர்கள் எப்படி அழைப்பார்கள்? அந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பலாம் என்று ஒரு வரி சேருங்கள். வரும் செய்திக்குப் பதிலெழுத ஒருவரையும் அமர்த்துங்கள். சர்க்கரை நோய் பற்றிய மருத்துவரின் காணொளியாயின் பேச்சைக் கீழே எழுத்தாகவும் ஓடவிடுங்கள்.

அச்சகத்தில் ஏற்கெனவே உள்ள பழைய எழுத்துருக் கோப்பை யூனிகோடாக மாற்ற இணையத்தில் இலவச மாற்றிகள் உள்ளன. மாற்றியபின் ஒருமுறை படித்துத் திருத்துங்கள். அனுப்புவதற்கு முன் உங்கள் கைபேசியிலேயே டாக்பேக்கை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு அந்த அறிவிப்பைக் கேட்டுப் பாருங்கள்; நாளும் நேரமும் காதில் தெளிவாக விழுகின்றனவா என்பது அப்போதே தெரிந்துவிடும்.