பஞ்சுப் பனியும் பச்சரிசிக் கோலமும்

மலேசியாவின் சுங்கை பெசார் வட்டாரத் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு ஒரு போதகர் கட்டளை போட்டிருக்கிறார். பண்டிகைக்கு வாசலில் கோலம் கூடாது, ஆலயத்தில் குத்துவிளக்கு கூடாது, தை பிறந்தால் வளாகத்தில் பொங்கல் பானை கூடவே கூடாது. காரணம்? இவற்றின் மூலம் புறமதமாம். இதைச் சொல்லும்போது அவர் பக்கத்தில் நிற்பது பிளாஸ்டிக் ஊசியிலை மரம். கிளையெல்லாம் பனிக்குப் பதில் பஞ்சு. வெளியே செம்பனைத் தோட்டத்தில் மண் கொதிக்கிறது.

மூலம் பார்ப்பதென்றால் எல்லாவற்றுக்கும் பார்ப்போம். அந்த மரம் பெத்லகேமில் முளைக்கவில்லை. 1605 வாக்கில் ஸ்ட்ராஸ்பர்க்கில் காகித ரோஜாவும் ஆப்பிளும் கட்டி வீட்டுக்குள் நிறுத்தினார்கள். 1848இல் விக்டோரியா அரசி குடும்பத்தோடு மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் பத்திரிகையில் வரவும், ஆங்கிலேயருக்கும் அது பிடித்துப்போயிற்று. வேதத்தில் இதற்கு ஒரு வரி ஆதாரம் இல்லை. கிறிஸ்துமஸ் தாத்தாவின் சிவப்பு அங்கியும் தொப்பையும் உலகம் முழுக்கப் பரவியதில் 1931இல் தொடங்கிய கோக்கக்கோலா விளம்பரங்களுக்குப் பெரும் பங்குண்டு.

மரத்தை யாரும் கும்பிடவில்லையே என்பார். சரி, கோலத்தை யார் கும்பிட்டார்கள்? பொங்கல் சூரியனுக்கு உரியது என்பார். அப்படியானால் டிசம்பர் 25ஐ என்ன செய்யப்போகிறார்? ரோமில் 354இல் தொகுத்த ஒரே ஏட்டில் அந்த நாள் இரண்டு விதமாக வருகிறது: ஒரு பட்டியலில் கிறிஸ்து பிறந்த நாளாக, இன்னொன்றில் ‘வெல்லப்படாதவன்’ பிறந்த நாளாக. அந்த வெல்லப்படாதவன் சூரியன் என்பதே அறிஞர்களின் பொதுவான கருத்து. யாரிடமிருந்து யார் எடுத்தார் என்பதில் அவர்களுக்குள் இன்னும் தகராறு உண்டு. ஆனால் சூரியன் வாடை பட்டாலே தீட்டு என்கிறவருக்கு அந்தத் தகராறு உதவாது.

மாசசூசெட்ஸின் பியூரிட்டன் கிறிஸ்தவர்கள் 1659இல் கிறிஸ்துமஸ் கொண்டாடினாலே ஐந்து ஷில்லிங் அபராதம் என்றார்கள். கடுமைதான், ஆனால் நாணயமான கடுமை. நம் போதகருக்கு இரண்டு தராசு. வெள்ளைக்காரன் வீட்டுக் கூடத்திலிருந்து வந்தது பக்தி, நம் பாட்டி லயத்து வாசலில் போட்டது பாவம்.

இந்த வழக்கும் பழசு. போப்பின் தூதர் தூர்னோன் 1704இல் புதுச்சேரியில் தமிழ்க் கிறிஸ்தவர்களின் கல்யாணத் தேங்காயைக்கூடத் தடுத்தார். அவரே தாலியை விட்டுவைத்தார். அதில் பிள்ளையார் உருவம் வேண்டாம், சிலுவை இருக்கட்டும் என்றார். அந்தத் தடைகளைக் காப்போம் என்று இந்தியாவுக்கு வந்த குருமார் செய்த சத்தியத்தை 1940இல் ரோமே நீக்கிவிட்டது. போதகர் ரோமைச் சேர்ந்தவர் அல்ல, தெரியும். ஆனாலும் 300 வருடம் முந்தைய தடைக்காரர் காட்டிய தாராளம்கூட இவரிடம் இல்லை.

வாசகர்களே, கோலம் போட நினைத்தால் போடுங்கள், பானை வைக்க நினைத்தால் வையுங்கள். இவரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.