பார்ப்போடு திரியும் விரால்

ஐப்பசி மழை இரண்டு பிடித்துவிட்டால் போதும், விருத்தாசலத்துத் தூண்டில்காரர்கள் வீடு தங்கமாட்டார்கள். மணிமுக்தாற்று மடுக்கள், தொழுதூர் அணைக்கட்டு வழியாக வெள்ளாற்று நீர் வந்து சேரும் வெலிங்டன் ஏரி என்று கிளம்பிவிடுவார்கள். குறி விரால்தான். கெண்டைக்கு மண்புழுவும் மைதா உருண்டையும் போதும். விராலுக்கு உயிர் இரை வேண்டும். முள்ளில் கோத்த சிறு தவளையை அல்லிக்கொடி ஓரம் விட்டால் 'பொளக்' என்று ஒரு சத்தம். உடனே சுண்டக் கூடாது. அது விழுங்கும்வரை தங்கூஸ் நரம்பைத் தளர்த்திக் கொடுக்க வேண்டும். இப்போது வந்திருக்கும் ரப்பர் தவளைக்கு இந்தப் பொறுமை ஆகாது. தாமதித்தால் துப்பிவிடும்.

இதிலெல்லாம் எனக்குக் குறையில்லை. பார்ப்பு வைத்திருக்கும் விராலைப் பிடிப்பதுதான் உறுத்துகிறது. மழைக்காலம் அது குஞ்சு பொரிக்கும் காலம். செம்மஞ்சள் குஞ்சுகள் நீர்மட்டத்தில் கூட்டமாகக் கொப்பளிக்கும். பெரியது அடியில் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின் நடுவே தவளையைப் போட்டால் விரால் பசியில் பாய்வதில்லை, ஆத்திரத்தில் பாய்கிறது. இதில் என்ன சாமர்த்தியம்? காவல் போனபின் குஞ்சுகளை மற்ற மீன்களும் நீர்க்காகங்களும் தீர்த்துவிடும். தெலங்கானா விராலை மாநில மீனாகவே வைத்திருக்கிறது. இங்கே உயிரோடு துள்ளும் விராலுக்குச் சந்தையில் நல்ல விலை என்பதோடு நம் மரியாதை முடிந்துவிடுகிறது. பார்ப்பைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு அடுத்த துறைக்குப் போகலாம். வெலிங்டன் ஏரியில் கரைக்கா பஞ்சம்?