இசைக்கு நாடுண்டு!

இசைக்கு மொழியில்லை, இனமில்லை, நாடில்லை என ஓயாது முழங்குவார் உளர். அன்னார் பின்லாந்தின் இசைக்குழு நடத்துநர் இராபர்ட்டு கயானசின் வாழ்வை ஒருமுறை நோக்குவாராக!

1856-இல் எல்சிங்கியில் பிறந்தார் கயானசு. அன்று பின்லாந்து உருசியப் பேரரசின் ஆட்சிக்கீழ் இருந்தது. கல்வியிலும் அலுவலிலும் உயர்குடியார் நாவிலும் சுவீடிய மொழியே வீற்றிருந்தது. மண்ணின் மக்கள் பேசிய பின்னிய மொழியோ உழவர்மொழியெனத் தாழ்த்தப்பட்டிருந்தது. 1863-ஆம் ஆண்டின் ஆணைக்குப் பின்னரே அலுவல்களில் நிகருரிமை பெற அதற்கு வழி பிறந்தது.

செருமனியின் இலைப்சிக்கில் இசை பயின்ற கயானசு அயல்நாட்டிலேயே தங்கிவிடவில்லை. தாயகம் மீண்டு, 1882-இல், தம் 25-ஆம் அகவையில், எல்சிங்கியில் நிலையான இசைக்குழு ஒன்றை நிறுவினார். ஐம்பதாண்டுகள் அதனைத் தாமே வழிநடத்தினார்.

கருவிகள் ஐரோப்பாவுக்குப் பொதுவானவை; கருவோ பின்னியருடையது. ஊர்ப்புறப் பாடகர்தம் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டி இலோன்ரோத்து 1835-இல் வெளியிட்ட 'காலேவலா' பாவியத்தினின்றே, 1885-இல் 'ஐனோ' எனும் இசைப்படைப்பைக் கயானசு யாத்தார். 1890-இல் பெர்லினில் அவரே அதனை நடத்தக் கேட்டவருள் ஒருவர், அங்குப் பயின்றுகொண்டிருந்த இளைஞர் சிபேலியசு. சுவீடிய மொழி பேசும் குடும்பத்தில் பிறந்த அவ்விளைஞரின் உள்ளத்தில் அன்று வித்து விழுந்தது. 1892-இல் அவர்தம் 'குல்லர்வோ' பின்னிய மொழிப் பாடலுடன் அரங்கேறிற்று. இசைத்தது கயானசின் குழுவே.

1897-இல் பல்கலைக்கழக இசையாசிரியப் பணிக்கு இருவரும் போட்டியிட்டனர். முறையீடு செய்து கயானசே அதனைப் பெற்றார். ஆயினும் அப்பூசல் நாட்டுப் பணியைக் கெடுக்கவில்லை. 1899-இல் உருசிய மன்னனின் அறிக்கை பின்லாந்தின் தன்னாட்சியுரிமையை நெரித்தது. அடுத்த ஆண்டு சூலை 2-இல், சிபேலியசின் 'பின்லாந்தியா'வைத் தம் கோலசைவில் முழங்கச் செய்தவர் கயானசே! அவ்வாண்டே அவர் குழு பாரிசு உலகக் கண்காட்சிவரை பயணம் சென்றது. தனியரசு பெறாத ஓரினம் தன் இசையால் உலகின்முன் தன் பெயரை நாட்டியது. 1917-இல் அந்நாடு விடுதலை எய்தியது.

விடுதலையை இசையே ஈட்டித் தந்தது என்பதன்று கருத்து. அடங்கிக் கிடந்த மக்கள் தம்மைத் தாமே மதிக்க அது கற்பித்தது. விடுதலை பெற்ற அரசும் அதனை மறக்கவில்லை. 1930-இல் இலண்டனில் கயானசு சிபேலியசின் இசையைப் பதிவுசெய்யப் பொருளுதவி நல்கியது. 1933-இல் கயானசு மறைந்தார். அவர் நிறுவிய குழு இன்றும் இசைக்கின்றது.

சொல்லற்ற கருவியிசையே ஓரினத்தை இத்துணை நிமிர்த்துமாயின், தாய்மொழிச் சொல்லேந்திய பாட்டு எத்துணை நிமிர்த்தும்! இசைக்கு நாடில்லை என்பது, நாட்டை இழந்தவர்க்கு ஆள்வோர் பாடும் தாலாட்டேயன்றி வேறன்று.