பக்கத்தில் நிற்பவனுக்கு ஒரு தகடு



கோடை வந்தால் ஒன்ராறியோவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பழைய கோட்டைகளைப் பார்க்கப் போகிறோம். ரொறன்ரோவில் போர்ட் யோர்க், நயாகராவில் போர்ட் ஜோர்ஜ் இரண்டும் பிரித்தானியருக்கும் அமெரிக்கருக்கும் 1812இல் தொடங்கிய போரைக் கண்டவை. போர்ட் யோர்க் 1813 ஏப்ரல் 27இல் அமெரிக்கரிடம் வீழ்ந்தது. அந்தக் காலத்துச் சிவப்புச் சட்டையோடு ஆட்கள் வரிசையில் நின்று துவக்கு வெடிக்கும்போது, "தப்பி வந்த இடத்திலும் இதுவா?" என்று எங்கட சனம் பதறுவதுண்டு. அதில் குண்டு இல்லை, வெறும் மருந்துதான். ஆனால் வெறும் மருந்தும் முகத்தைச் சுடும். அதைத் தடுக்க அந்தத் துவக்கில் பூட்டும் இரண்டு சிறு சாமான்களைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறேன்.

இவை பழைய துவக்குகள் அல்ல. 'பிரவுண் பெஸ்' போன்ற பழையவற்றைப் பார்த்து இத்தாலியிலும் இந்தியாவிலும் இப்போது செய்பவை. உள்ளே புரி வெட்டிய ரைபிளானாலும் புரியில்லாத மஸ்கெட்டானாலும் வெடிக்கும் விதம் ஒன்றுதான். குதிரையின் வாயில் ஒரு சக்கிமுக்கிக் கல் இருக்கும். விசையை இழுத்தால் கல் எதிரேயுள்ள உருக்கு மூடியில் உராயும். மூடி திறபட, தீப்பொறி கீழேயுள்ள சின்னக் கிண்ணத்து மருந்தில் விழும். அந்த நெருப்பு ஒரு சிறு துவாரத்தால் குழலுக்குள் போய் மற்ற மருந்தைப் பற்றவைக்கும்.

இதெல்லாம் நடப்பது துவக்கின் வலது பக்கத்தில். ஆகவே சீறும் நெருப்பு வலப்பக்கம் நிற்பவனின் முகத்தை நோக்கித்தான் போகும். அதை மறிக்கக் கிண்ணத்தின் ஓரத்தில் ஒரு பித்தளைத் தகடு பூட்டுகிறார்கள். பெயர் பிளாஷ் கார்ட். சுடுபவனுக்கு அதனால் பெரிய நன்மை இல்லை. அது அயலவனுக்காகவே பூட்டும் தகடு.

என்னோடு வேலை செய்யும் கனேடிய நண்பர் ஒருவர் இப்படியொரு அணியில் இருக்கிறார். அவர் வாங்கின தகடு சரியாகப் பொருந்தவில்லை. ஒரு சனிக்கிழமை இருவருமாக இருந்து அராவிப் பூட்டினோம். முதலில் துவக்கு வெறுமையா என்று பார்த்தோம். கல்லைக் கழற்றி ஒரு மரத்துண்டைக் கவ்வ வைத்தோம். தகட்டை, பூட்டில் ஏற்கெனவே உள்ள திருகாணியோடு சேர்த்தே இறுக்க வேண்டும். தகட்டின் தடிப்புக்கு ஏற்ப ஆணி கொஞ்சம் நீளமாக வேண்டிவந்தது. மூடி முழுதாகத் திறந்து மூடுகிறதா, குதிரை விழும்போது எங்காவது முட்டுகிறதா என்று பல தரம் பார்த்தோம். விளிம்புகளைக் கை வெட்டாதபடி அரத்தால் மழுக்கினோம்.

இரண்டாவது சாமான் ஒரு தோல் உறை. உருக்கு மூடியின் மேல் மாட்டி, தொலையாமல் வாரால் கட்டிவிடுவார்கள். தவறிக் குதிரை விழுந்தாலும் கல் தோலில்தான் படும், தீப்பொறி வராது. சுடப் போகும்போது மட்டும் கழற்றுவார்கள். குதிரையை அரைவாசி இழுத்து நிறுத்தினால் விசையை அழுத்தினாலும் அது விழக்கூடாது. விழுந்தால் அந்தத் துவக்கைக் களத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

அராவிக்கொண்டிருக்கையில் எனக்கு எங்கள் தொழிற்சாலை மெசின்கள்தான் நினைவில் வந்தன. அவற்றுக்கும் காவல் தகடு உண்டு. எண்ணிக்கை கூட வேண்டுமென்று அதைக் கழற்றிவிட்டு வேலை செய்பவர்களைக் கண்டிருக்கிறேன். "எனக்குக் கைப்பழக்கம் இருக்கு" என்பார்கள். அடுத்த சிப்டில் அதே மெசினில் நிற்கப் போவது நேற்று வந்த ஒரு தம்பியாக இருக்கலாம். அவனுக்கு ஆங்கிலமும் தெரியாது, அந்த மெசினும் தெரியாது.

புதிதாக வந்தவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். வேலை ஆபத்தானது என்று நம்பக் காரணம் இருந்தால் மறுக்கும் உரிமை ஒன்ராறியோச் சட்டத்தில் உண்டு. உடனே சுப்பவைசரிடம் சொல்லுங்கள். சட்டப்படி மறுத்ததற்காக உங்களை நிற்பாட்டுவது குற்றம். அகதி என்றாலும் இந்தச் சட்டம் உங்களுக்கும்தான்.

கோட்டைக்குப் போகிறவர்கள் வெடிக்கு முன்னரே பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். கயிறு கட்டிய எல்லைக்குப் பின்னால் நில்லுங்கள். சத்தம் தாங்காத பெரியவர்களைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் பித்தளைத் தகட்டையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.