பென்சிலுக்கு முன் புளியங்கொட்டை

எல்.கே.ஜி.யில் சேர்ந்த சில மாதங்களிலேயே குழந்தை நான்கு கோடு நோட்டில் எழுதப் பழகிவிட வேண்டும், எவ்வளவு சீக்கிரம் பென்சிலைப் பிடிக்கிறதோ அவ்வளவுக்குக் கையெழுத்து திருந்தும் என்ற நம்பிக்கை பெற்றோரிடமும் பள்ளிகளிடமும் வேரூன்றிக் கிடக்கிறது. கையின் வளர்ச்சியை அறிந்த எவரும் இதை ஏற்க முடியாது.

பெரியவரின் மணிக்கட்டிலுள்ள 8 சிறிய எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாக, அதாவது வளையக்கூடிய மென்திசுவாகவே இருக்கின்றன. 3 வயதில் பொதுவாக மூன்று அல்லது நான்கு மட்டுமே எலும்பாக இறுகத் தொடங்கியிருக்கும். உள்ளங்கையின் சிறு தசைகளும் அப்போது வலுப்பெற்றிருப்பதில்லை. கண்ணின் வழிகாட்டலில் இத்தசைகளைத் துல்லியமாக இயக்கும் ஆற்றலே நுண்தசை இயக்கத் திறன் எனப்படுகிறது. அது எழுதுவதால் உண்டாவதன்று, எழுதுவதற்கு முன்பே உண்டாகியிருக்க வேண்டியது. அது கைகூடாத குழந்தை பென்சிலை முழுக் கையாலும் இறுகப் பற்றி, விரலை அசைக்காமல் தோளையே அசைத்து எழுதுகிறது.

பல்லாங்குழி ஆடும் குழந்தையின் கையைக் கூர்ந்து நோக்கினால் இது தெளிவாகும். குழியிலுள்ள புளியங்கொட்டைகளை அள்ளி உள்ளங்கையில் அடக்கி, அவற்றுள் ஒன்றை மட்டும் விரல்நுனிக்கு நகர்த்தி, மற்றவை சிந்தாமல் அடுத்த குழியில் போடும்போது, சுண்டுவிரலும் மோதிரவிரலும் பிடித்துக்கொள்ள, பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் வேலை செய்கின்றன. பென்சில் பிடிப்பதற்குத் தேவையான வேலைப் பிரிவினையும் இதுவே. (கொட்டையை வாயில் போடும் வயதுக் குழந்தைக்கு இவ்விளையாட்டு கூடாது.) களிமண் பிசைதல், மணி கோத்தல், பம்பரத்துக்குக் கயிறு சுற்றுதல் ஆகியவையும் அந்தந்த வயதில் இப்பயிற்சியையே தருகின்றன, கைப்பேசித் திரையைத் தேய்ப்பது இதைத் தராது.

மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், சிறு குமிழ் பொருத்திய மர உருளைகள் மூன்று விரல்களால் தூக்கும்படி அமைக்கப்பட்டது, பிற்காலத்தில் எழுதப்போகும் கையை மனத்தில் கொண்டேயாகும். இந்தியாவிலும் 3 முதல் 8 வயதினருக்காக 2023-இல் 'ஜாதுயி பிடாரா' என்னும் விளையாட்டுப் பொருள் தொகுப்பை ஒன்றிய அரசு வெளியிட்டது. இருந்தும் எழுத்து வேலையின் அளவைக் கொண்டே பள்ளியின் தரத்தை மதிப்பிடுகிறார்கள் பெற்றோர். அவர்களை இழக்க அஞ்சிப் பள்ளிகளும் நோட்டை நிரப்புகின்றன.

எழுத்து வீட்டுப்பாடம் மழலையர் வகுப்புகளிலிருந்து அறவே நீக்கப்பட வேண்டும். பெற்றோர் பள்ளியில் கேட்க வேண்டியது, குழந்தை எத்தனை பக்கம் எழுதியது என்பதை அன்று, கையால் என்னென்ன செய்து விளையாடியது என்பதையே.